வரிக்கு ஆறு கட்டம்: மூன்று வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாங்கிய சாதாரணக் கட்டம் போட்ட நோட்டுதான். மூன்று வருடமாக அதில் ஒரே வேலை செய்கிறேன்: ஒவ்வொரு பகா எண்ணுக்கும் கீழே எத்தனை ‘ஜோடி எண்’ இருக்கிறது என்று எண்ணுவது. ஜோடி எண் என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். சரியாக இரண்டு பகா எண்களைப் பெருக்கி வரும் பகு எண்: 4, 6, 9, 10, 14, 15 இப்படி. 12 சேராது, அது 2×2×3.

முதலில் வரிக்குப் பத்து எண் எழுதினேன், ஒன்றும் புலப்படவில்லை. வரிக்கு ஆறு என்று மாற்றியதும், 3-க்கு மேற்பட்ட பகா எண்கள் எல்லாம் முதல் கட்டத்திலும் ஐந்தாம் கட்டத்திலும் வந்து நின்றன.

ஒரு சாயங்காலம் மகள் கேட்டாள்: “11-க்கும் நாலு, 13-க்கும் நாலு. 17-க்கும் ஆறு, 19-க்கும் ஆறு. ஏம்ப்பா ஏறவே இல்ல?” கடைசிக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். 12, 18, 30, 42. எல்லாம் ஆறின் மடங்கு. 6-ஐத் தவிர எதுவும் ஜோடி எண் ஆகாது. 11, 13 தொடங்கி எல்லா இரட்டைப் பகா எண்களுக்கும் (இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண் ஜோடிகளுக்கு) நடுவில் இருப்பது அந்தக் கட்டம்தான். அவள் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. இப்போது அதை வைத்தே சரிபார்க்கிறேன். 59-க்கு 21, 61-க்கும் 21. மாறி வந்தால் எங்கோ கை தவறிவிட்டது.

என்னை ஏமாற்றியது 91. 51, 57 மூன்றாம் கட்டத்தில் விழுவதால் 3-இன் மடங்கு என்று உடனே தெரியும். 91 முதல் கட்டத்தில், பகா எண்களின் வரிசையிலேயே நிற்கிறது. 7×13 என்று கவனிக்காமல் 97-க்கு 33 என்று எழுதி, அடுத்த இருபது பக்கமும் ஒன்று குறைவாகவே போயிற்று. சரியான விடை 34. அப்புறம் ஒவ்வொரு ஜோடி எண்ணுக்கும் பக்கத்தில் காரணிகளைப் பொடியாக எழுதும் பழக்கம் வந்தது.

2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது மைப் பேனா பக்கங்கள் கரைந்துவிட்டன. பென்சில் பக்கங்கள் அப்படியே இருந்தன. அதனால் பென்சிலில் எழுதுங்கள். நடுப்பின்னும் கழன்றது, ஊசி நூலால் தைத்துக்கொண்டேன்.

31-க்குக் கீழே பகா எண்ணும் பத்து, ஜோடி எண்ணும் பத்து. 37-க்குக் கீழே பகா எண் பதினொன்று, ஜோடி எண் பதின்மூன்று. 33, 34, 35 மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. நான்கு அடுத்தடுத்து வர வழியில்லை, நான்கில் ஒன்று 4-இன் மடங்காக இருக்கும், 4-ஐத் தவிர அது ஜோடி எண் ஆகாது. போன மாதம் 997-க்கு வந்தேன். பகா எண் 167, ஜோடி எண் 298.