ஜபல் அக்தர் ஒருநாள் ஜீப் டூர்: டிரைவருக்கு ஐந்து நட்சத்திரம், கம்பெனிக்கு இரண்டு

மஸ்கட்டில் இருப்பவர்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப் போவது கடற்கரைக்கும் பெரிய மசூதிக்கும்தான். அம்மா இரண்டையும் இரண்டு தடவை பார்த்துவிட்டார். சரி, மலைக்குப் போவோம் என்று ஏப்ரலில் ஒரு டூர் கம்பெனியில் ஜபல் அக்தருக்குப் பதிவு செய்தேன், மூன்று பேருக்கு 80 ரியால். சொந்தக் காரில் போகலாமே என்பீர்கள். என்னுடையது சின்ன வண்டி. மலையடிவாரத்து ஊரான பிர்கத் அல் மௌஸ் தாண்டியதும் போலீஸ் சாவடி இருக்கிறது, ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. ரோடு நல்ல தார் ரோடுதான், ஆனால் சரிவு அப்படி. பிரேக் பிடிக்காத வண்டி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளை மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். டிரைவர் ஓமானி, ஐம்பது வயதிருக்கும். திரும்பும்போது கீழ் கியரிலேயே, பிரேக்கை அவ்வளவாகத் தொடாமல் இறக்கினார். பின் சீட்டில் அம்மா தூங்கியே விட்டார், இதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும்.

அரபியில் அக்தர் என்றால் பச்சை. பெயரை நம்பிப் போனால் முதல் ஒரு மணி நேரம் ஏமாற்றம்தான், ஜபல் அக்தர் இருக்கும் ஹஜர் மலைத்தொடர் முழுக்க மொட்டைப் பாறை. பச்சையெல்லாம் மேலே சய்க் பீடபூமியின் விளிம்பில், சுமார் 2000 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்குக்கு மேல் தொங்குகிற படிக்கட்டு வயல்களில் இருக்கிறது. அங்கே அல் அகர், அல் ஐன், அஷ் ஷிரைஜா என்று அடுத்தடுத்து ஊர்கள், வாய்க்கால் ஓரமாகவே நடந்து போகலாம். அந்த வாய்க்காலுக்கு ஃபலஜ் என்று பெயர். மோட்டார் கிடையாது, ஊற்றுத் தண்ணீர் தானாக ஓடி வருகிறது. முதலில் குடிக்க, பிறகு வயலுக்கு, அதுவும் ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. அந்தக் காலத்தில் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றுவார்களாம். டிரைவர் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். "இங்கேயும் முறைத் தண்ணிதானா? அப்போ சண்டையும் இருக்குமே" என்றார். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அல் ஐனில் ஒரு வீட்டில் பன்னீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மண் அடுப்பு, பானை நிறைய ரோஜா இதழ், உள்ளே ஒரு செம்புக் கிண்ணம், மேலே மூடியாகக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பாத்திரம். ஆவி அந்தப் பாத்திரத்தின் அடிப்பாகத்தில் பட்டுச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழுகிறது. இதைப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம்.

ஏனென்றால் கம்பெனி போட்ட நேரக் கணக்கு அப்படி. ஹோட்டல் பஃபேக்கு ஒன்றரை மணி நேரம், 1986இல் பிரிட்டிஷ் இளவரசி டயானா வந்து நின்ற பாறை விளிம்பில் போட்டோ எடுக்க முக்கால் மணி (காட்சி அபாரம், மறுக்கவில்லை, ஆனால் அது இப்போது ஒரு சொகுசு ஹோட்டலுக்குள் இருக்கிறது), மூன்று ஊர்களுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம். சைவம் என்று இரண்டு முறை சொல்லியும் அம்மாவுக்குக் கிடைத்தது குபூஸ் ரொட்டியும் சாலடும்தான். போன் செய்து கேட்டால், பேக்கேஜில் அப்படித்தான் சார் என்கிறார்கள். டிரைவர் தன் பொறுப்பில் இன்னும் கால் மணி கொடுத்தார், அதுவும் ஆபீசுக்குத் தெரியாமல்.

போகிறவர்கள் சாப்பாடு இல்லாத பேக்கேஜாகக் கேளுங்கள், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், ஊர்களில் இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். ரோஜாவுக்கு ஏப்ரல், மாதுளைக்கு ஆகஸ்ட், செப்டம்பர். ஏப்ரலிலேயே மேலே சால்வை தேவைப்பட்டது.

பன்னீர் ஒரு பாட்டில் வாங்கினோம். நம் ஊர்க் கல்யாணப் பன்னீர் மாதிரி இருக்காது, விறகுப் புகை வாசனை தூக்கலாக இருக்கும். அம்மா அதைப் பாயசத்தில் ஊற்றிப் பார்த்தார். பாயசம் அடிப்பிடித்துவிட்டதா என்று கேட்டேன், இன்னும் அதற்காகக் கோபமாக இருக்கிறார்.