என்பிடெல்லா, கான் அகாடமியா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கல்லூரியில் படிப்பவர்களுக்கு என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளம்தான் முதலில். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் வகுப்புகள். பாடங்கள் 4, 8, 12 வாரம் ஓடும். சேர்வதும் பார்ப்பதும் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். சறுக்குவது மதிப்பெண்ணில்: அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டையும் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். தேர்வை நன்றாக எழுதியும் அசைன்மென்ட்டை விட்டதால் சான்றிதழ் போனவர்கள் உண்டு. ஆனால் 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட் மட்டுமே கணக்கு. ஜனவரிப் பருவத்தில் சம்பா அறுவடைக்காக ஓரிரு வாரம் விட்டாலும் சமாளிக்கலாம். தேர்வு ஊரைச் சீக்கிரமே பதிந்துவிடுங்கள். பக்கத்து மையம் நிரம்பினால் தூரம் போக நேரும்.

கான் அகாடமி (Khan Academy) என்ற இணையவழிப் பயிற்சித் தளத்தில் கெடுவும் இல்லை, கட்டணமும் இல்லை, வேலைக்குக் காட்டச் சான்றிதழும் இல்லை. பள்ளிக் கணக்கில் அடித்தளம் ஆடுகிறவர்களுக்கு இதுவே மேல். பயிற்சியில் திணறினால் படிப்படியாகக் குறிப்பு தரும். ஆனால் குறிப்பைத் திறந்தாலே அந்தக் கேள்வி தவறாகிவிடும். ஆகவே முதலில் தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்பிடெல்லில் நுண்கணிதம் பிடிபடாத கல்லூரி மாணவரும் வரம்பு, வகையீடு இரண்டையும் இங்கே முடித்துவிட்டுத் திரும்பலாம்.