பச்சை நிறத்தைக் காட்டி ஏமாற்றினார்கள்: அலமாரிப் பலகை வாங்குவோர் கவனத்திற்கு

சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு எச்.டி.எச்.எம்.ஆர். பலகை (ஈரம் தாங்கும், அடர்த்தி கூடிய மரநார்ப் பலகை) என்று சொல்லி, உள்ளே பச்சைச் சாயம் கலந்த சாதாரண எம்.டி.எஃப். பலகையை (அடர்த்தி குறைந்த, ஈரம் தாங்காத மரநார்ப் பலகை) எனக்கு விற்றிருக்கிறார்கள். ஈரம் தாங்கும் பலகைக்குப் பச்சை நிறம்தான் அடையாளம் என்று பலரும் நம்புகிறோம். பலகை, ஆசாரி கூலி, பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் எல்லாம் சேர்த்து 94,000 ரூபாய் போயிற்று. சிங்க்கின் கீழுள்ள கதவுகள் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காமல் அடிவிளிம்பில் உப்பி, பெயிண்ட் வெடித்து நிற்கின்றன.

பெயிண்ட் அடிக்கும் கதவுக்கு பிளைவுட் வேண்டாம், அதன் ரேகை மேலே தெரியும் என்று ஆசாரி சொன்னது சரியான யோசனைதான். அதனால்தான் எங்கள் பகுதியில் பெயர்பெற்ற ஒரு மொத்த விலைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லாவின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பச்சைத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்து, "ஒரு வாரமா ஊறுது மேடம், நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார். துண்டு கல்போல இருந்தது. விளிம்பில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. கண்முன்னே தண்ணீரில் கிடந்த பொருளை யார்தான் சந்தேகிப்பார்கள்? டம்ளரில் இருந்தது ஒன்று, வண்டியில் ஏறியது வேறொன்று.

உப்பிய கதவின் புகைப்படத்தைக் கடைக்கு அனுப்பியதும், பெயிண்டர் விளிம்புக்கு ப்ரைமர் சரியாக அடிக்கவில்லை என்றார்கள். பெயிண்டரையே பேச வைத்தபோது, கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள், யாரும் வரவில்லை. நேரில் போனபோது அதே கடைக்காரர் பில்லை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல பச்சை போர்டு 18 எம்.எம்.னுதானே போட்டிருக்கு, பச்சை போர்டுதானே குடுத்திருக்கோம்" என்று சிரித்தார். 94,000 ரூபாய்க்குக் கிடைத்த பதில் அந்தச் சிரிப்புதான். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

எந்தப் பலகையை எதற்கு வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதிருக்கும் கோபத்தில் இவ்வளவுதான் முடிகிறது. நிறத்தை நம்பாதீர்கள், சாயத்தை எந்தப் பலகையிலும் கலக்கலாம். எட்டுக்கு நான்கு அடியில் 18 மி.மீ. எச்.டி.எச்.எம்.ஆர். பலகை சுமார் 45 கிலோ இருக்கும், சாதாரண எம்.டி.எஃப். அதைவிடத் தெளிவாக எடை குறையும். இறக்கும்போதே ஒன்றை நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர் காட்டும் துண்டை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த பலகையில் ஒரு துண்டை அறுத்து இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, ஊறுவதற்கு முன்னும் பின்னும் தடிமனை அளந்து, உப்பவில்லை என்று தெரிந்த பிறகே ஆசாரியை வெட்டச் சொல்லுங்கள். சிங்க்கின் கீழ்ப் பெட்டிக்கு ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள பிளைவுட்டையே கேளுங்கள். பில்லில் பலகையின் வகையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும் எழுதப்படாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.