கடலோரமா, கோயில் தெருவா?

சுங்கை பட்டாணியில் பசியாறிவிட்டு கொம்யூட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கால் வைத்ததுமே, எந்தப் பக்கம் நடப்பது என்று எங்கள் வீட்டுச் சண்டை தொடங்கிவிடும்.

தம்பி கடலோரக் கட்சி. இடப்பக்கம் போனால் கடலில் கால் ஊன்றி நிற்கும் சீனக் குல வீடுகள். பலகைப் பாதையின் இடுக்கில் குனிந்து பார்த்தால் கீழே தண்ணீர் தெரியும். திரும்பி வலப்பக்கம் நடந்தால் விக்டோரியா மணிக்கூண்டு. அரசியாரின் 60 ஆண்டு ஆட்சிக்கு 60 அடி. அப்புறம், 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. காற்று பிரமாதம். ஆனால் பதினோரு மணிக்கு மேல் அந்த வெயிலில் நடக்க அவனால்தான் முடியும்.

நான் குயின் ஸ்திரீட் பக்கம். அங்கே கடைகளின் முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை நிழலிலேயே பெரும்பாலும் நடந்துவிடலாம். 1833இல் எழும்பிய மகா மாரியம்மன் கோயிலின் வாசலில் மல்லிகை வாசம். அருகிலேயே இந்திய முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி சீனரின் குவான் யின் கோயில். தூரம் குறைவு, நேரம்தான் போகும்: அம்மா புடவைக் கடைக்குள் போனால் அரை மணி நேரம் சரி!

வயதானவர்களோடு போனால் கோயில் தெருதான். இளவட்டம் என்றால் முதல் ஃபெரியைப் பிடித்துக் கடலோரத்தை முடித்துவிடலாம். எங்கள் பாட்டிக்கு இரண்டுமே வேண்டாம். ஃபெரியில் போய்த் திரும்பினாலே போதுமாம்.