96,000 வெள்ளிக்கு ஓடாத ரோபோ: சிறு ஆலை நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

பேக்கிங் வரிசைக்கு ரோபோ பொருத்தித் தருகிறோம் என்று எவரேனும் உங்கள் ஆலை வாசலில் வந்து நின்றால், முன்பணத்துக்குக் காசோலை எழுதுவதற்குமுன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். எங்கள் பணம் 96,000 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. நேற்றுதான் அந்த நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. பாக்கி 64,000 வெள்ளியைக் கட்டினால் மட்டுமே ஆள் அனுப்புவார்களாம்; கட்டாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாக எங்கள் மீது நடவடிக்கை எடுப்பார்களாம். ஓடாத இயந்திரத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டு எங்கள் மீதே நடவடிக்கை! பெயரை வெளியிட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. பழைய தொழிற்சாலை ரோபோக்களை வெளிநாட்டிலிருந்து இறக்கி, புதுப்பித்ததாகச் சொல்லி, சிறு ஆலைகளின் உற்பத்தி வரிசையில் பொருத்தித் தரும் ஓர் ஒருங்கிணைப்பு நிறுவனம் என்ற அளவில் புரிந்துகொள்ளுங்கள்.

நானும் தம்பியும் கெடா மாநிலம் பாடாங் செராயில் மசாலாத் தூள் ஆலை நடத்துகிறோம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். எங்களிடம் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் தோட்டங்களைவிட்டு வெளியேறித் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பத்தினர். கறித்தூள் பொட்டலங்கள் அடுக்கிய 12 கிலோ அட்டைப்பெட்டிகளைக் கன்வேயரின் முனையிலிருந்து தூக்கிச் சரக்கு மேடையான பேலட்டில் அடுக்கும் வேலைக்கு மட்டும் ஆள் நிலைப்பதில்லை. பிள்ளைகள் கூலிம் ஹைடெக் பார்க்கின் குளிரூட்டிய ஆலைகளுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் அந்நியத் தொழிலாளர் ஒதுக்கீட்டுக்கான புதிய விண்ணப்பங்களை அரசாங்கம் நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் அக்காமாரை எடைபோடும் மேசைக்கு மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் சேர்ந்துதான் ரோபோவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம்.

வந்த விற்பனையாளர் தமிழர். அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். "பால்மரம் வெட்டினவரா அக்கா? நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்றார். அம்மா அவருக்குத் தம் கையால் காப்பி கலந்து கொண்டுவந்தார். பெரிய நிறுவனங்கள் நம்மைப் போன்ற சிறிய ஆலைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்றும், நம் ஆட்கள் முன்னுக்கு வர வேண்டும் என்பதற்காகவே இந்த விலைக்குச் செய்து தருவதாகவும் அவர் சொன்னபோது, தம்பியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு தங்கள் பட்டறைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ரோபோவின் கை அடுக்கிக்கொண்டிருந்த பெட்டிகள் ஒவ்வொன்றிலும் எங்கள் ஆலையின் முத்திரையை அச்சடித்து ஒட்டி வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பந்தத்தில் தம்பி கையெழுத்திட்டது அந்தப் பட்டறையிலேயே, அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுதான்.

அந்தப் பெட்டிகள் வெற்றுப் பெட்டிகள். தம்பி எடுத்த காணொளியை இப்போது நிதானமாகப் பார்த்தால், ஓட்டம் முடிந்ததும் அங்கிருந்த ஒல்லியான பையன் நான்கு பெட்டிகளை ஒரே அணைப்பில் தூக்கிக்கொண்டு போவது தெரிகிறது. உள்ளே சரக்கு இருந்திருந்தால் அது 48 கிலோ.

கேட்டு வாங்கியிருக்கலாமே என்று யாரும் எழுத வேண்டாம். பெட்டி 12 கிலோ, நிமிடத்திற்கு எட்டுப் பெட்டி, முடியுமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேட்டோம். "20 கிலோ தூக்கும் கை அக்கா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்ற பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. மொத்த விலை 160,000 வெள்ளி. அதில் அறுபது விழுக்காடு, அதாவது 96,000 வெள்ளி, முன்பணம். மீதியை எங்கள் ஆலையில் எங்கள் சரக்கை வைத்து ஓடவிட்டுக் காட்டிய பிறகு தரலாம் என்று கொட்டேஷனில் இருந்தது. பின்னர் வந்த இன்வாய்ஸில் அதே இடத்தில் "பொருள் இறங்கியதும்" என்று மாறியிருந்தது. அந்த 96,000 வெள்ளியில் ஒரு பகுதி அம்மாவின் நகையை அடகு வைத்தது.

ரோபோ ஒன்று 20 கிலோ தூக்கும் என்றால், அதன் மணிக்கட்டு முனையில் தொங்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பெட்டியைப் பிடிக்க இவர்கள் செய்து மாட்டிய கிரிப்பரின் இரும்புச் சட்டம், உறிஞ்சு குவளைகள், வால்வு, குழாய் எல்லாவற்றையும் கழற்றி எங்கள் தராசிலேயே வைத்துப் பார்த்தோம்: ஒன்பதரை கிலோ. பெட்டியோடு சேர்த்தால் இருபத்தொன்றரை. அதுவும் சுமையின் நடுப்பகுதி மணிக்கட்டிலிருந்து விலகிப் போகப் போகத் தூக்கக்கூடிய அளவு இன்னும் குறையும். அதற்கான வரைபடம் தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கிறது. இதைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா? விளைவு என்னவென்றால், வேகமாக ஓட்டினால் மிகைச்சுமை அலாரம் அடித்துக் கை நடுவானில் நின்றுவிடும். மெதுவாக ஓட்டினால் நிமிடத்திற்கு மூன்று பெட்டிதான் ஆகும், பின்னால் கன்வேயரில் பெட்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதற்குமேல் தூள் வேறு. மசாலா ஆலையில் பெட்டியின் மேல் தூள் படியாமல் இருக்குமா? தூள் படிந்த அட்டையை உறிஞ்சு குவளை சரியாகக் கவ்வாது. காற்று கசிந்து பெட்டி பாதி வழியில் விழும். உறிஞ்சும் பம்பின் வடிகட்டியும் மிளகாய்த் தூளால் அடைத்துக்கொள்ளும். இரண்டு பக்கத்திலிருந்தும் பெட்டியை அணைத்துப் பிடிக்கும் வகைக் கிரிப்பர் இருக்கிறதாம், இப்போது வேறோர் இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஆலையில் தூள் இருப்பது தங்களுக்குத் தெரியாது என்று அந்த விற்பனையாளர் பிறகு சொன்னார். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் தும்மத் தொடங்கியவர் அவர்தான்.

எல்லாவற்றையும்விட என் வயிறு எரிவது பாதுகாப்பு வேலியை நினைத்துத்தான். தொழிற்சாலை ரோபோக்களின் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 10218 என்ற அனைத்துலகத் தரம் இருக்கிறது. 2011-இல் வந்த அதன் பதிப்பு 2025-இல் திருத்தப்பட்டது. முதல் பகுதி ரோபோவைப் பற்றியது, இரண்டாம் பகுதி அதை வரிசையில் பொருத்துவதைப் பற்றியது. வேலி, கதவு திறந்தால் கை நின்றுவிடும் பூட்டு, ஆபத்து மதிப்பீடு ஆகியவை பொருத்துபவர் செய்ய வேண்டிய வேலை. கொட்டேஷனில் வேலிக்கென்று தனி வரியே இருந்தது. வந்ததோ தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவும் ஒரு பிளாஸ்டிக் சங்கிலியும். வேலிக் கதவின் சிக்னல் இல்லாமல் ரோபோ தானியங்கி முறையில் ஓட மறுத்தது. அவர்களின் ஆள் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, கதவு மூடியிருப்பதாக அதை நம்பவைத்துவிட்டுப் போனான். "தற்காலிகம்தான் அக்கா" என்றார்கள். அதற்குப் பக்கத்தில்தான் எங்கள் அக்காமார் நடமாடிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, கடமை தவறிய முதலாளிக்கு அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. யாருக்காவது கையோ காலோ போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். மறுநாளே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேலி வரும்வரை தொடப் போவதில்லை என்று எழுதி அனுப்பினோம்.

வேலி வந்ததா என்றால் பாதி வந்தது. அதை மாட்டிய பிறகு சுமாராக ஓடிக்கொண்டிருந்த ரோபோ, தீபாவளி விடுமுறைக்கு மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டதும் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மூட்டுகளின் நிலையை நினைவில் வைத்திருப்பதற்கு உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அது செத்துப்போனால் கை தன் இருப்பிடத்தை மறந்துவிடும், பிறகு ஒவ்வொரு மூட்டையும் மீண்டும் பூஜ்ஜிய நிலைக்கு அளவுதிருத்த வேண்டும். பேட்டரி, கிரீஸ் எல்லாம் மாற்றிப் புதுப்பித்ததாகக் கொட்டேஷனில் எழுதியிருந்தார்கள். தம்பி திறந்து பார்த்தபோது பேட்டரி முனைகள் பச்சை பூத்திருந்தன. வேறோர் ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்றால், ரோபோவுக்குக் கட்டளை பதியும் கைக்கருவியான டீச் பெண்டண்டுக்கும், வரிசையைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சிக்கும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். நிரலின் நகல் கேட்டால் அது நிறுவனத்தின் சொத்தாம். 96,000 வெள்ளி கொடுத்த எங்களுக்கு எது சொத்து?

அதற்குப் பிறகு கிடைத்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். இன்ஜினியர் ஜொகூரில் இருக்கிறார். உதிரிப்பாகம் கப்பலில் வருகிறது. உங்கள் மின்சாரம் சீராக இல்லை. உங்கள் பெட்டிதான் தரமில்லை, தடித்த அட்டைக்கு மாறுங்கள். ஆபீஸில் பேசுங்கள். ஆபீஸில் பேசினால், விற்பனைப் பிரிவில் பேசுங்கள். அம்மாவின் காப்பியைக் குடித்த விற்பனையாளர் இப்போது "அந்தப் பிரிவில் நான் இல்லை, மேடம்" என்று எழுதுகிறார். அக்கா மேடமாகிவிட்டேன்.

போலீஸ் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டு, இது சிவில் விவகாரம் என்றார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத்தான் ஏற்கும். அதோடு, தொழிலுக்காக வாங்கிய இயந்திரத்துக்கு அது பொருந்தாது. 100,000 வெள்ளிக்கு உட்பட்டதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அதற்கான செலவு தனி.

செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சொந்தப் பெட்டியை, நிறைத்து, நீங்களே கொண்டுபோய்ச் சோதனைக்கு வையுங்கள். ஒரு மணி நேரமாவது இடைவிடாமல் ஓடட்டும். கிரிப்பரின் எடையை எழுத்தில் கேளுங்கள். முன்பணம் முப்பது விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். பெரிய பகுதி உங்கள் ஆலையில் ஓடிக் காட்டிய பிறகுதான். வேலி இல்லாமல் இயக்கவே விடாதீர்கள். கடவுச்சொல்லும் நிரல் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் நிறுவனத்தின் பதிவைப் பாருங்கள். இயக்குநர்களின் முந்தைய நிறுவனங்கள் மூடப்பட்டனவா என்றும் பாருங்கள்.

வழக்கறிஞர் வாட்ஸ்அப் உரையாடல்கள் முழுவதையும் தேதிவாரியாக அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அந்த வேலை இருக்கிறது. கெடாவிலோ செபெராங் பிறையிலோ இதே போன்ற ஒருங்கிணைப்பு நிறுவனத்திடம் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பாக்கிப் பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள்.