தக்காளிச் சாற்றையும் குடிக்கும் நாவாய்ப்பூச்சி: விரட்டுவதா, வைத்துக்கொள்வதா?

உடுமலை, கிணத்துக்கடவு வட்டாரங்களில் தக்காளி வைப்போர், வெள்ளை ஈயையும் 2014-இல் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட ஊசிப்புழுவையும் மருந்தின்றிக் கட்டுப்படுத்த நினைத்தால், பூச்சியை மட்டும் தின்னும் இரைவிழுங்கியை நம்புவதா, செடியையும் உண்ணும் இரைவிழுங்கியை நம்புவதா என்று முடிவு செய்தாக வேண்டும். பயிரில் வாய் வைக்கும் எதுவும் பகை என்று ஒதுக்குவது தக்காளியைப் பொறுத்தவரை தவறு என்பது என் கருத்து.

முதல் வகையைச் சேர்ந்த பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் அசுவினியையும் வெள்ளை ஈக் குஞ்சுகளையும் நன்றாகத் தின்னும். செடிக்கு அவற்றால் எந்தக் கேடும் இல்லை. ஆனால் இரை குறைந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வளர்ந்த பூச்சிகளோ தேனும் மகரந்தமும் தேடிப் பறந்துவிடும். போதாக்குறைக்கு, தக்காளித் தண்டிலுள்ள பிசுபிசுப்பான மயிர்கள் சிறிய இரைவிழுங்கிகள் பலவற்றின் நடமாட்டத்தையே தடுக்கின்றன.

அந்த மயிர்களுக்கிடையே தடையின்றி நடப்பது நெசிடியோகோரிஸ் டெனுயிஸ் என்னும் மெல்லிய பச்சை நாவாய்ப்பூச்சி. வெளியிலிருந்து வாங்கி விட வேண்டிய தேவையும் இல்லை. மருந்தடிப்பு குறைந்த தோட்டங்களுக்குத் தானாகவே வந்து சேரக்கூடியது. வெள்ளை ஈயின் முட்டை, குஞ்சுகளோடு ஊசிப்புழுவின் முட்டைகளையும் உறிஞ்சித் தின்னும். இரை இல்லாத நாட்களில் செடியின் சாற்றைக் குடித்து உயிர் தாங்குவதால், தொல்லை தொடங்கும் முன்பே காவலுக்கு நிற்கிறது. இது குத்திய செடி தன் தற்காப்பைத் தூண்டிக்கொண்டு, வெள்ளை ஈக்குப் பிடிக்காததாகவும் அதன் ஒட்டுண்ணிக் குளவியை ஈர்ப்பதாகவும் மாறுகிறது என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே நாற்றங்காலிலேயே இதை விட்டு, முட்டையிட்ட நாற்றுகளை நடும் வழக்கமும் உண்டு.

இதற்கு விலையும் உண்டு. இரை தீர்ந்து பூச்சி பெருகிவிட்டால், இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் பழுப்பு வளையங்கள் தோன்றும். அந்த இடத்தில் தண்டு எளிதில் ஒடியும், பூக்கள் உதிரும். வட ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் இதைத் தீங்குப் பூச்சியாகவே நடத்துகின்றனர். வெயில் இதற்கு உகந்தது என்பதால், நம் கோடைப் பயிரில் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளை ஈ இல்லாத தோட்டத்தில் நுனித்தண்டுகளில் வளையங்கள் பெருகினால், அப்போது மட்டும் எண்ணிக்கையைக் குறைப்பதே முறை. வரப்போரம் எள் விதைப்பதும் நல்ல வழி: தக்காளியைவிட எள்ளை இது மிகவும் விரும்புவதால், செடியின் மேல் விழும் சுமை குறைகிறது. எள் சாகுபடி ஈரோட்டுப் பக்கத்தாருக்குப் புதிதும் அல்ல.

பசுமைக்குடில் குடைமிளகாயில் கணக்கு வேறு. அங்கே மகரந்தமும் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்களே மேல்; அம்ப்ளிசியஸ் சுவிர்ஸ்கி இலைப்பேனையும் வெள்ளை ஈயையும் தின்று, இடைநாட்களில் பூவின் மகரந்தத்தால் பெருகுகிறது. நம் நாட்டு யூசியஸ் இனங்களும் மகரந்த உணவில் வாழ்பவையே. தக்காளியில் இவை அந்த மயிர்களாலேயே தோற்றுப்போகின்றன.

ஒருமுறை விட்டால் போதும் என்ற கொங்கு உழவர்களின் எதிர்பார்ப்புக்கு ஒரு பின்னணி உண்டு. 2008-இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் கொண்டுவந்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணி அடக்கியது. விட்டபின் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. சாறு குடிக்கும் இரைவிழுங்கி அப்படிப்பட்டதல்ல. வாரந்தோறும் நுனிகளைத் திருப்பிப் பார்க்கும் பொறுமையை அது கேட்கும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்தை நாற்றுக்கு ஊற்றியவர், இலையில் எதுவும் தெளிக்கவில்லையே என்று எண்ணியிருந்தாலும், சாற்றின் வழியே இந்தப் பூச்சியைக் கொன்றுவிடுகிறார்.