கிளிநொச்சியில் லப்டொப் எழும்பிய கதை

நோர்வேயிலிருந்து தர்மபுரத்தில் அக்கா வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், லப்டொப் படுத்துவிட்டது. சுவிட்சை அமத்தினால், விண்டோஸுக்குப் பதிலாக நான் பாவிக்கும் டெபியன் லினக்ஸின் தொடக்கப் பட்டியல் வரும், பிறகு கறுப்புத் திரை. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து வெள்ளை எழுத்தில் 'எமர்ஜென்சி மோட்' (வழமைபோல் தொடங்க முடியாதபோது வரும் அவசர நிலை) என்று போடும். ரூட் கணக்கு, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு, பூட்டியிருக்கிறது, தொடர என்டரை அமத்து என்றும் சொல்லும். அமத்தினால் பழையபடி அதே வாசகம்தான்.

"கரண்ட் ஏறி இறங்கினதில சுட்டிருக்கும்" என்றார் அத்தான். எனக்கும் அந்தப் பயம்தான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய வேலை முழுக்க அதற்குள் கிடந்தது.

அடுத்த நாள் காலை பரந்தன் வழியாகப் போகும் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். ஏ9 வீதியோரம் பெரிய கடை, ஏசி, கண்ணாடிக் கதவு. முதலாளி திரையை அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இது லினக்ஸ் அண்ணா. இஞ்ச ஒருத்தரும் பாவிக்கிறேல்ல. ஃபோர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ."

"உள்ளுக்க இருக்கிற ஃபைல்?"

"அது போயிடும்." தேத்தண்ணி முடிஞ்சுது என்கிற மாதிரிச் சொன்னார்.

லப்டொப்பைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். கரடிப்போக்குச் சந்திப் பக்கம் இன்னொரு கடை, ஃபோன் கவர்களுக்கு நடுவில் ஒரு மேசை மட்டும்தான். இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அறிவியல் நகர் பொறியியல் பீடப் பிள்ளைகளின் லப்டொப்கள் வருவதால் லினக்ஸ் புதிசில்லை என்றார். லப்டொப்பை வாங்க முன்னமே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப அண்ணா முழுசா ஓஃப் பண்ணி ஓன் பண்ணினனீங்கள்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டில் மூடியைச் சாத்துவதோடு சரி, மாதக்கணக்காக அப்படித்தான். பயணத்தில் பற்றரி இறங்கி, தானாக நின்றிருக்கிறது. அதாவது, இங்கே வந்த பிறகுதான் அது முதல்முதலாக உண்மையிலேயே பூட் ஆகப் பார்த்திருக்கிறது.

"பட்டியல் வருதெண்டா க்ரப் சரி" என்று, லினக்ஸைத் தொடக்கிவிடும் நிரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அந்தப் பட்டியலில் 'ஈ' விசையை அமத்தினார். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் இருந்த, தொடக்கச் செய்திகளை மறைக்கும் 'குவையட்' என்ற சொல்லை அழித்துவிட்டு எஃப்10. கறுப்பாகக் கிடந்த இடத்தில் இப்போது வரி வரியாக எழுத்து ஓடியது. லினக்ஸின் மையமான கேர்னல் ஏறியது, சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதியும் மவுண்ட் ஆனது, அதாவது பாவனைக்கு இணைந்தது. ஒரு வரியில் மட்டும் வந்து நின்று, ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிச் செக்கன்களை எண்ணத் தொடங்கியது. எல்லை ஒன்றரை நிமிடம். அது முடிந்ததும் எமர்ஜென்சி மோட்.

"உங்களிட்ட வெளியில பூட்டுற டிஸ்க் இருக்கோ?"

இருக்கிறது, ஒஸ்லோவில், என் மேசையில்! பக்கப் எடுக்க வசதியாக அதன் அடையாள எண்ணான யூயூஐடியை, தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் நானே எழுதி வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கோப்பில் சும்மா எழுதிவிட்டால், அந்த டிஸ்க் கட்டாயம் வேண்டும் என்றுதான், தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் மேலே போகாது.

ரூட் கணக்கு பூட்டியிருந்ததால், தம்பி ஒரு லைவ் பென்ரைவால், அதாவது லினக்ஸ் அதிலிருந்தே ஓடும் பென்ரைவால், பூட் செய்தார். முதலில் உள் டிஸ்க் தன் நலத்தைப் பற்றிச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தார். பிறகு மவுண்ட் செய்யாமலே, கோப்பு அமைப்பில் பிழை தேடும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினார். மவுண்ட் ஆன பகுதியில் அதை ஓட்டினால் இருக்கிறதும் கெடும் என்றார். இரண்டும் சுத்தம். அதற்குப் பிறகுதான் எஃப்எஸ்டாப்பைத் திறந்து, அந்த வரியின் தெரிவுகளோடு 'நோஃபெயில்' (டிஸ்க் இல்லாவிட்டாலும் மேலே போ) என்று சேர்த்தார். ஒரு சொல், அவ்வளவுதான். மறுபடி பூட் செய்ய, கொஞ்ச நேரத்தில் என் மேசைத்திரை வந்துவிட்டது.

ஆயிரம் ரூபா கேட்டார், துண்டும் எழுதித் தந்தார். முக்கால் மணித்தியால வேலைக்கு அது குறைவு என்றுதான் எனக்குப் பட்டது. குறை சொல்வதென்றால், இருக்கக் கதிரை இல்லை, மின்விசிறியும் அவர் பக்கம்தான் பார்க்கிறது.

என் சார்ஜருக்கான பிளக் மாற்றி மட்டும் அவரிடம் இல்லை. அதற்குத் திரும்ப ஏசிக் கடைக்கே போக வேண்டியிருந்தது. முதலாளி லப்டொப் பையைப் பார்த்து, "ஃபோர்மட் அடிச்சாச்சோ அண்ணா?" என்றார்.


"இல்லை, பிளக் ஒண்டு தாங்கோ" என்றேன்.